வாசிக்கப்படாத பெயர்கள்

வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் நடந்த பாராட்டு விழாவைப் பற்றி நண்பர்கள் பலரும் எழுதிவிட்டீர்கள். விருது பெற்ற மருத்துவர்கள், செவிலியர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களில் இருவர் என் அம்மாவைக் காப்பாற்றியவர்கள். ஆனால், தூய்மைப் பணியாளர் ஒருவரின் பெயர்கூட ஏன் வாசிக்கப்படவில்லை என்று கேட்டதற்கு, "அவங்க நம்ம ஸ்டாஃப் இல்ல சார், கான்ட்ராக்ட் ஆளுங்க" என்று கிடைத்த பதிலை என்னால் விழுங்க முடியவில்லை.

சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து அம்மா 19 நாள் அங்கே கிடந்தார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார்கள். இரவில் வார்டு முழுவதற்கும் ஒரே சிஸ்டர். அவர் எத்தனை பேரிடம் ஓடுவார்? தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காதான் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி வந்து, அம்மாவின் முதுகுக்கடியில் விரிப்பைச் செருகி, "மூணு சொன்னதும் இழுங்க தம்பி" என்பார். அது அவருடைய வேலையே இல்லை. அம்மாவின் முதுகில் ஒரு புண்கூட வரவில்லை. அவர்தான் நம் ஊழியர் இல்லையாம்.

சம்பளம் வாங்குகிறவர்களுக்கு விருது எதற்கு என்கிறீர்கள். மேடையேறிய அத்தனை பேரும் சம்பளம் வாங்குகிறவர்கள்தாம். ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்பவர்களுக்கா பாராட்டு என்பீர்கள். கேட்பவர்கள் இருக்கிறார்கள், நானே கொடுத்திருக்கிறேன். அதற்காக, கேட்காதவரையும் சேர்த்தா ஒதுக்குவது? சுத்தத்துக்கும் நோய்த்தொற்றுத் தடுப்புக்குமாக அரசு மருத்துவமனைகளுக்கு மத்திய அரசே 2015 முதல் காயகல்ப் விருது வழங்குகிறது. ரத்தம் தோய்ந்த பஞ்சை மஞ்சள் பையிலும், ஊசி நீக்கிய சிரிஞ்சைச் சிவப்புப் பையிலும் கட்டித் தூக்கிச் செல்பவர்கள் யார்? யாரோ அலட்சியமாகப் போட்ட ஊசி குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி ஏறுவது அவர்கள் உடம்பில்தான். அந்தக் கிருமி, நிரந்தரமா ஒப்பந்தமா என்று பார்ப்பதில்லை.

தன்னார்வலர்களுக்கு நேர்ந்ததும் இதுதான்: கூட்டமாக நிற்க வைத்து ஒரு படம், பெயர் இல்லை. அவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மருந்து கொடுக்கும் இடத்தருகே உட்கார்ந்து, படிக்கத் தெரியாதவர்களுக்காக மாத்திரைக் கவரின் மேல் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்து கொடுப்பார். எங்கள் வீட்டில் இன்னும் அந்தக் கவர் இருக்கிறது. அவர் பெயரைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்குமா?

மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒன்று: விருதுப் பட்டியலை ஊழியர் பதிவேட்டிலிருந்து எடுக்காதீர்கள்; வீடு திரும்பும் நோயாளியிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, உங்களைக் கவனித்தது யார் என்று கேளுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், யாராவது எழுதிக்கொள்ளட்டும். என் அம்மாவுக்கு இன்னும் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. ஆனாலும் அந்த அக்காவின் பெயர் அவர் வாயில் தெளிவாக வருகிறது.

சனிக்கிழமை அம்மாவின் மாத்திரைக்காகப் போயிருந்தேன். விழா நடந்த கூடத்தில் உதிர்ந்து கிடந்த சாமந்தியைக் கூட்டிக்கொண்டிருந்த அக்கா, என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். விழாவைப் பற்றி நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவேயில்லை. "அம்மா புடிச்சுக்காம நடக்குறாங்களா தம்பி?" என்றுதான் கேட்டார்.