நண்டு வலைக் கழிவு யார் கணக்கில்?

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் போதும், முகநூலில் ஒரு வரி சுற்ற ஆரம்பித்துவிடும்: "கடலை நாசம் பண்றது விசைப்படகு. நாட்டுப்படகு வலையில் கழிவே கிடையாது." பாதி உண்மை. அந்தப் பாதிக்காக நானும் பல பேரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். நாட்டுப்படகின் நண்டு வலையிலும் கழிவு உண்டு என்ற மீதிப் பாதியை நம் ஆட்கள் யாரும் எழுதுவதில்லை என்பதால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உண்மையான பாதி. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2010 முதல் 2014 வரை உலகம் முழுக்கப் பிடித்துத் திரும்பவும் கடலிலேயே கொட்டியது ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் டன். அதில் 46 சதவீதம் கடல் தரையை வாரி இழுக்கும் மடிகளிலிருந்து, அதாவது விசைப்படகு இழுக்கும் வகை வலைகளிலிருந்து வந்தது. அதே அமைப்பின் 2005 அறிக்கை, நாட்டுப்படகு போன்ற சிறுதொழில் மீன்பிடிப்பில் கொட்டுவது பிடித்ததில் வெறும் 3.7 சதவீதம் என்றது. நம் பக்க விசைப்படகுகள் கொட்டுவதுகூடக் குறைவு. காரல், பொடி, குஞ்சு எல்லாம் சங்காயம் என்று கரைக்கு வந்து, மணலில் காய்ந்து, கோழித்தீவனத்துக்குப் போய்விடுகிறது. கடலில் கொட்டவில்லை, அதனால் கழிவு என்ற கணக்கில் ஏறாது! இதைக் காட்டி "கழிவு குறைந்துவிட்டது" என்று சொல்பவர்களிடம் பேசிப் பிரயோசனமில்லை.

சரி, அந்த 3.7 எதைச் சொல்கிறது? எடையை. எனக்கு இடிப்பது அந்த இடத்தில்தான்.

தொண்டியிலிருந்து மண்டபம் வரை பாக் விரிகுடாக் கரையில் நண்டு வலை எப்படிக் கிடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே ஈயம், மேலே மிதவை. மெல்லிய நரம்பு வலை தரையோடு நிற்கும். சாயங்காலம் விட்டு விடியலில் எடுப்பார்கள். குறி, நல்ல விலை போகும் ஓலைக்கால் நண்டுதான். வலைக்கு அந்தக் குறி தெரியாதே. முக்கண் நண்டு, சிலுவை நண்டு, உள்ளங்கையில் பாதிகூட வராத நண்டுக்குஞ்சு, யானைமுள்ளிச் சங்கு, நட்சத்திர மீன், பேத்தை மீன், தாழை என்கிற கடல்புல் கொத்து, சில நேரம் பவளத் துண்டு, எப்போதாவது ஒரு கடல்குதிரை என்று எல்லாமே ஏறிக்கொள்ளும்.

வலையைப் படகிலேயே பிரிக்க நேரம் கிடையாது. ராமேஸ்வரம் பக்கம் திங்கள், புதன், சனி விசைப்படகு நாள், மற்றவை நாட்டுப்படகு நாள் என்ற ஏற்பாடு இருக்கிறது. விசைப்படகு வருவதற்குள் வலையை எடுக்காவிட்டால் மடியோடு போய்விடும், பிறகு வட்டிக்கு வாங்கித்தான் புது வலை. எனவே வாரிச் சுருட்டிப் படகில் போட்டு நேரே கரை. அங்கே கொட்டகை நிழலில் பெண்கள் காத்திருப்பார்கள். வலையைப் பிரித்துக் கொடுத்தால் கூலி.

அந்தக் கைகளின் வேகம் பார்க்க வேண்டும். நண்டின் கடிக்காலைப் பின்னாலிருந்து அமுக்கி, ஒரு கண்ணியை விரலால் தள்ளி, அடுத்ததைப் பல்லால் இழுத்து, கால் முறியாமல் கழட்டிக் கூடையில் போடுவார்கள். கால் முறிந்தால் விலை முறிந்தது. சங்குக்கும் குஞ்சுக்கும் அந்த நிதானம் கிடையாது. கல்லில் ஒரு தட்டு, முடிந்தது. பக்கத்தில் குவியல் ஏறிக்கொண்டே போகும், காக்காய்க்கும் நாய்க்கும் விருந்து. ஒரு அக்காவிடம், "சின்னதெல்லாம் உயிரோடதானே இருக்கு, தண்ணில விடக் கூடாதா?" என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "விடலாம் தம்பி. நான் எந்திரிச்சுப் போயி விட்டுட்டு வரவும் இந்த வலைய நீ பிரிச்சு வையி." அதற்கு மேல் நான் என்ன பேசுவது.

கழிவு எவ்வளவு என்பதைவிட அது எங்கே, எத்தனை மணி நேரம் கழித்துக் கழிக்கப்படுகிறது என்பது பெரிய விஷயம் என்று நான் சொல்வது இதனால்தான். அதே சங்கு, அதே நண்டுக்குஞ்சு, கடல் மேலேயே கழட்டி விட்டிருந்தால் கணிசமானவை பிழைத்திருக்கும். கரைக்கு வந்து வெயிலில் கிடந்தபின் எதுவும் மிச்சமில்லை. கடலில் எத்தனை மணி நேரம் வலை கிடந்தது என்பதும் இதில் சேரும். காற்று பலமாகி ஒருநாள் எடுக்க முடியாமல் போனால், வலையில் மாட்டிச் செத்த மீனைத் தின்ன நண்டும் சங்கும் வரும், அதுகளும் மாட்டும், அதுகளைத் தின்ன இன்னொன்று. அறுந்து போன வலை கடலடியில் யாருக்கும் பயன் இல்லாமல் மீன் பிடித்துக்கொண்டிருப்பதும் இப்படித்தான்.

இந்தக் குவியல் யாருடைய நோட்டிலும் இல்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கெடுப்பு இறங்குதளத்தில் வந்திறங்கும் மீனைப் பார்த்து எடுப்பது. கொட்டகைக்குப் பக்கத்தில் மணலில் கிடப்பது இறங்கிய மீனில் சேருமா? சட்டமும் தன் பங்குக்கு இதை மறைக்கிறது. கடல்குதிரையும் கடல் அட்டையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் ஏறின. நோக்கம் நல்லது. ஆனால் தானாக மாட்டிய கடல்குதிரை கையில் இருந்தாலே வழக்கு என்றால், எந்த மனுஷன் "எனக்கு இத்தனை மாட்டியது" என்று வாய் திறப்பான்? சில கிராம் எடையுள்ள அந்த உயிர் 3.7-க்குள்ளும் வராது, 37-க்குள்ளும் வராது.

ஆவுளியா என்கிற கடல் பசு விஷயத்தில் மட்டும் வேறு வழி பிடித்தார்கள். வலையில் மாட்டிய கடல் பசுவை உயிரோடு விட்ட மீனவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டி வனத்துறை சன்மானம் கொடுத்தது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். விட்டால் மரியாதை உண்டு என்று தெரிந்தபின் தகவலும் தானாக வந்தது. சின்ன உயிர்களுக்கும் இதே புத்தி வேண்டும் என்கிறேன்.

அடுத்து சினை நண்டு. வயிற்று மடிப்புக்கு அடியில் மஞ்சளாகத் திரண்டிருக்கும் முட்டை, பொரியப்போகும் சமயத்தில் கறுத்துவிடும். ஒரு நண்டில் பல லட்சம் முட்டை. கறுத்த சினையோடு ஒன்று கூடையில் விழுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஆனாலும் "சினை நண்டைக் கடலில் விடு" என்று உபதேசம் செய்ய மாட்டேன். டீசலும் வலையும் கடனில் ஓடுபவனிடம் கையில் வந்த காசைத் தூக்கிப் போடச் சொல்ல நான் யார்? தாய்லாந்தில் நண்டு வங்கி என்று கடலோர ஊர்களில் வைத்திருக்கிறார்கள். சினை நண்டைக் கொண்டுவந்து கூண்டிலோ வாளியிலோ விடுவார்கள், முட்டை பொரிந்து குஞ்சு கடலுக்குப் போகும், தாய் நண்டு சந்தைக்குப் போகும். மீனவனுக்கு நஷ்டம் மிகச் சொற்பம். இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் தேவையில்லை.

கரையில் செய்யக்கூடியதும் சிக்கலானதல்ல. கொட்டகைக்குக் கொட்டகை ஒரு பெரிய டப், கடல் தண்ணீர், மேலே ஈரச்சாக்கு. உயிரோடு கழட்டுவதை மணலில் எறியாமல் அதில் போட்டால், வலை முடிந்ததும் ஒருவர் கொண்டுபோய்க் கடலில் கவிழ்க்கலாம். சங்கு நிச்சயம் பிழைக்கும், நண்டுக்குஞ்சில் ஒரு பகுதியாவது தேறும். வலையைக் கடலிலேயே பிரித்தால் இன்னும் நல்லது என்று கூட்டம் போட்டுச் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முதலில் போவது கொட்டகைப் பெண்களின் கூலி. புருஷன் கடலில் இறங்காத நாளிலும், புருஷனே இல்லாத வீட்டிலும் அடுப்பு எரிவது அந்தக் காசில்தான். அதைப் பிடுங்கி நண்டுக்குஞ்சைக் காப்பாற்றும் திட்டத்துக்கு என் ஆதரவு கிடையாது.

ஆகவே அந்த டப்புக்கும், அதைக் கவிழ்க்கப் போகும் நேரத்துக்கும் கூலி வேண்டும். அதை நண்டுக் கம்பெனிகள் கொடுக்கட்டும். இந்தக் கரையின் நண்டுச் சதை டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா போகிறது. ஆமை தப்பிக்க வழியில்லாத மடியில் பிடித்தது என்று 2019-இல் நம் கடல் இறாலுக்கு அந்த நாடு கதவைச் சாத்தியது. நாளை நண்டுக்கும் கேள்வி வந்தால் முதலில் ஓடி வரப்போவது இதே கம்பெனிகள்தான். அன்றைக்குச் சான்றிதழுக்கும் ஆலோசகருக்கும் அழப்போகும் பணத்தில் ஒரு துளியை இன்றைக்கே வலைக்கு இத்தனை ரூபாய் என்று பிரிக்கும் பெண்களுக்குக் கூட்டிக் கொடுக்கலாமே. கிலோவுக்கு விலை பேச ஏஜெண்ட் வரும்போது சங்கங்கள் இதையும் சேர்த்துப் பேசட்டும்.