பச்சை ஒளி வந்ததும் படிகம் தயாராகிவிடாது

அண்ணா, லேசர் ஒளியின் அலைநீளத்தைப் பாதியாக்கும் கரிமப் படிகங்களைப் பற்றி, பினாங்கில் முதுகலை ஆய்வு தொடங்கும் தங்கைக்கு நீங்கள் தந்த அறிவுரையில் சில தவறுகள் உள்ளன. தூளில் லேசர் அடித்துப் பச்சை ஒளி வந்து, ஒப்பீட்டுக்கு வழக்கமாக எடுக்கும் கேடிபி (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) படிகத்தை விட அது மூன்று மடங்கு என்று தெரிந்தால் கருவிக்குப் போதும் என்கிறீர்கள். போதாது. கர்ட்ஸ், பெர்ரி என்ற ஆய்வாளர்கள் 1968-இல் தந்த அந்தத் தூள் முறை, கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் ஒளி 532 நானோமீட்டர் பச்சை ஒளி ஆகிறதா என்று பார்க்கும் முதற்கட்டச் சோதனைதான். துகள் அளவைப் பொறுத்து ஒளிச்செறிவு மாறும் என்பதால், மாதிரியையும் கேடிபியையும் ஒரே அளவில் சலிக்காமல் ஒப்பிட்டால் அந்த மூன்று மடங்குக்கு அர்த்தமே இல்லை. துகள் பெரிதாகும்போது ஒளி ஏறி ஒரு மட்டத்தில் நிற்கிறதா, ஏறி இறங்குகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கினால் அந்த அலைநீளத்தில் கட்டப் பொருத்தம் (உள்ளே வரும் ஒளியும் உருவாகும் ஒளியும் படிகத்தினுள் ஒத்திசைந்து செல்வது) கிடைக்காது.

ஒளியை இப்படி மாற்றுவதில் மூலக்கூறு வலுவாக இருந்தால் படிகமும் அப்படியே என்று நீங்கள் சொல்வதும் சரியில்லை. பாரா-நைட்ரோஅனிலின் தனி மூலக்கூறாக அருமையானது, ஆனால் படிகத்தில் மூலக்கூறுகள் சமச்சீர் மையத்தோடு (ஒன்றின் விளைவை எதிரே இருப்பது ரத்து செய்யும்படி) அமைவதால் இரண்டாம் ஒத்திசை, அதாவது பாதி அலைநீள ஒளி, தருவதில்லை. ஒரு மெத்தில் தொகுதி கூடிய 2-மெத்தில்-4-நைட்ரோஅனிலின் அந்த மையம் இல்லாமல் அமைந்து நன்றாகவே தருகிறது. அதனால் மூலக்கூறுகள் அமைந்த விதத்தைக் காட்டும் ஒற்றைப் படிக எக்ஸ்ரே கட்டாயம், தூள் எக்ஸ்ரேயோடு நிறுத்தக் கூடாது.

அப்புறம் வளர்ப்பு. மெத்தனால் கரைசலைத் திறந்து வைத்தால் நம் ஊர் ஈரக்காற்றில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பகலில் ஏசி ஓடி இரவில் நின்றால் வெப்பநிலை ஆடி உள்ளே கரைசல் சிறைப்பட்டுப் படிகம் கலங்கும். வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டி இல்லாமல் தங்கையைத் தொடங்கச் சொல்லாதீர்கள். லேசர் தாங்கும் வரம்பு, வெப்ப நிலைப்பு, கடினத்தன்மை எல்லாம் நல்ல படிகம் கையில் வந்த பிறகுதான்.