அப்பர் இருந்தது பௌத்த மடத்தில் அல்ல

"திருப்பாதிரிப்புலியூரில் அப்பர் பௌத்தத் துறவியாக இருந்து ஞானம் தேடினார்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. அவர் இருந்தது சமண மடம். அங்கே அவர் பெயர் தருமசேனர். பௌத்தத் தேரர்களை, அதாவது பௌத்தத் துறவிகளை, வாதத்தில் வென்றே சமணத்தில் பெரிய ஆளானார் என்று பெரியபுராணமே சொல்கிறது.

சூலை நோய் என்னும் கடும் வயிற்றுவலி தாங்காமல் அக்கா திலகவதியாரைத் தேடித் இரவில் திருவதிகைக்குக் கிளம்பும் இடத்தைப் படியுங்கள். உடுத்த பாய், உறியில் தொங்கும் குண்டிகை என்னும் நீர்க்கலம், மயிற்பீலி, மூன்றையும் போட்டுவிட்டு எழுகிறார். பூச்சி சாகாதபடி தரையைப் பெருக்கும் அந்தப் பீலி சமண முனிவர்களின் அடையாளம். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறார்! அதிகை போய்ச் சேர்ந்து பாடியதுதான் 'கூற்றாயினவாறு' பதிகம். அந்த இராப் பயணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கும்.

சரி, தமிழில் பௌத்தத் தேடல்தான் வேண்டுமென்றால் மணிமேகலை இருக்கிறது. அவள் வஞ்சியில் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டுவிட்டு, அப்புறம் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். திருப்பாதிரிப்புலியூர் இருக்கும் கடலூர்க்காரன் என்பதால் சொல்கிறேன், தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.