மூன்று வியாபாரிகள், ஒரே கழிவு

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, இருக்கிறது. தோட்டத்தில் முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய நிலம். போன வாரம் குலைகளை ஏற்றிக்கொண்டு மூன்று வியாபாரிகளிடம் போனோம். மூவரும் ஒரே விலை; குலையின் குறைகளுக்காகப் பிடிக்கும் கழிவும் ஒன்றே. மூன்றாவது இடத்தில் நாங்கள் வாய் திறப்பதற்குள் எடை போடும் தம்பி, "அங்கேயும் இதைத்தானே சொன்னார்கள், ஐயா?" என்றான். அப்பா பதில் பேசாமல் சீட்டை வாங்கிக்கொண்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

விலை ஒன்றாக இருப்பது மட்டுமே குற்றமாகாது. செம்பனை வாரியம் வெளியிடும் விலையை எல்லோரும்தான் பார்க்கிறார்கள். ஆனால் கழிவு அப்படியல்ல. பழுக்காத குலை, நீளக் காம்பு, ஈரம் என்று பிடிக்கும் கழிவு லாரிக்கு லாரி மாற வேண்டியது. எங்கள் குலையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் மூன்று இடத்திலும் அது எப்படி ஒன்றானது?

வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். நாளைக்கு விற்றுக்கொள்கிறேன் என்று அப்பாவால் சொல்ல முடியாது. தூரத்து ஆலைக்குக் கொண்டுபோனால் லாரி வாடகை மிச்சத்தைத் தின்றுவிடும். இது வாங்குபவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

வியாபாரிகளின் கூட்டு என்றாலே விலையேற்றம்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. 2014 ஜனவரி முதல் ஐஸ் மூட்டைக்கு 50 காசு ஏற்றப் பேசிவைத்த 24 தயாரிப்பாளர்களுக்கு, வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் மலேசியப் போட்டி ஆணையம் 252,250 வெள்ளி அபராதம் விதித்தது. நல்லது. ஆனால் 2012 முதல் நடப்பில் உள்ள போட்டிச் சட்டத்தின் 4வது பிரிவு விற்கும் விலையோடு நிற்கவில்லை. போட்டியாளர்கள் கூடி வாங்கும் விலையை நிர்ணயிப்பதையும், மற்ற வணிக நிபந்தனைகளை நிர்ணயிப்பதையும் அது தடை செய்கிறது. உலகளாவிய விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம். கூட்டை ஒப்புக்கொண்டு முதலில் தகவல் தருபவருக்கு அது முழுவதுமே குறைக்கப்படலாம். மூவரில் ஒருவராவது இதைப் படிக்கட்டும்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் ஒரே கடை, ஒரே 555 கடன் புத்தகம். அந்தக் கடைக்காரர் சொன்னதே விலை. அதிலிருந்து வெளியேறத்தான் அப்பா நிலம் வாங்கினார்.

ஆணையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் சீட்டு ஒரு லாரியின் கதையை மட்டுமே சொல்லும். இந்தப் பக்கம் குலை விற்பவர்கள் எடைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி, எடை, கழிவு மூன்றும் தெரியும்படி படமெடுத்து எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள்.