துரோகம் என்று சொல்லாதீர்கள்

பெண் வேட்பாளரை விட்டுவிட்டு வேறொருவருக்கு ஓட்டுப் போடும் இளம்பெண்கள் பெண்ணியத்துக்குத் துரோகம் செய்கிறார்கள் என்கிறது ஒரு கட்டுரை. இந்த அதட்டலை அமெரிக்கா 2016-லேயே கேட்டுவிட்டது. ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடத்திய உட்கட்சித் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, ஒருவருக்கொருவர் உதவாத பெண்களுக்கு நரகத்தில் தனி இடம் உண்டு என்று ஹிலாரி கிளிண்டனின் பிரசாரக் கூட்டத்தில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் பேசினார். பையன்கள் கிளிண்டனை எதிர்த்துப் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸ் பக்கம் இருப்பதால் பெண்களும் அங்கே போகிறார்கள் என்றார் குளோரியா ஸ்டைனம். வாழ்நாளெல்லாம் பெண்ணுரிமை பேசியவர்! பிறகு மன்னிப்புக் கேட்டார். என்ன நடந்தது? அந்த மாநிலத்தில் பெண்களிடமே, அதிலும் இளம்பெண்களிடம் வெகுவாக, கிளிண்டன் பின்தங்கினார்.

கல்விக்கடன் கழுத்தை நெரிக்கும் வயதில், அரசுக் கல்லூரிகளில் கட்டணம் இருக்காது என்ற சாண்டர்ஸை அந்த இளம்பெண்கள் நம்பியதில் என்ன துரோகம்? 2002-ல் இராக் போருக்கு ஆதரவாகக் கிளிண்டன் வாக்களித்ததும் அவர்களுக்குத் தெரியும். அவருடைய குரலையும் உடையையும் கேலி செய்தவர்களை நான் மன்னிக்கவில்லை. அது வேறு கணக்கு.

இதே அதட்டலை ஒருமுறை என் மகளிடம் நானும் போட்டிருக்கிறேன். "அந்த அம்மாவின் தேர்தல் அறிக்கையைப் படித்தாயா?" என்று கேட்டாள். நான் படித்திருக்கவில்லை.