பி.டி. பாக்டீரியா ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டதா? உண்மை விளக்கம்

"புழுக்களைக் கொல்லத் தெளிக்கப்படும் பி.டி. பாக்டீரியா ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்ட கிருமி, அது தெளித்த காய்கறியைத் தின்றால் நம் குடலும் அரிக்கும்" என்று வாட்ஸ்அப்பில் பரவிவரும் செய்தி உண்மையல்ல.

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் எனப்படும் இந்தப் பாக்டீரியா மண்ணிலும் இலைகளிலும் இயல்பாகவே வாழ்வது. 1901-இல் ஜப்பானிய அறிஞர் இஷிவாட்டா நோயுற்ற பட்டுப்புழுக்களில் இதைக் கண்டறிந்தார்; 1911-இல் எர்ன்ஸ்ட் பெர்லினர், ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியிலிருந்து வந்த மாவு அந்துப்பூச்சியின் புழுவில் கண்டு, அப்பகுதியின் பெயரையே சூட்டினார்.

இது உண்டாக்கும் புரதப் படிகம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, அங்குள்ள ஏற்பிகளில் (செல்களின் மேல் அப்புரதம் பற்றிக்கொள்ளும் இடங்களில்) ஒட்டிக் குடற்சுவரைத் துளைப்பதால், புழு சில மணி நேரத்திலேயே தின்பதை நிறுத்திவிடுகிறது. மனிதரின் இரைப்பையோ அமிலத்தன்மை கொண்டது. அந்த ஏற்பிகளும் நமக்கு இல்லை. பூச்சிமருந்துக்குரிய கவனம் இதற்கும் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. குறிப்பாக, பட்டுப்புழு வளர்ப்போர் மல்பெரித் தோட்டத்தின் அருகே இதைத் தெளிக்கவே கூடாது.

மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுப் பட்டியலிலும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் இதனைச் சரிபார்க்கலாம். விவசாயிகளை வீணாக அச்சுறுத்தும் அச்செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.