மத்தியக் கிழக்கு என்றால் அரபு மட்டுமல்ல

"மத்தியக் கிழக்கில் எல்லாரும் அரபு முஸ்லிம்கள்தான். உயர்நிலைப் பள்ளியில் இஸ்லாம் பற்றி ஒரு பாடம் நடத்தினாலே போதும்" என்று சிலர் எழுதுகிறார்கள். இது தவறு. இதை நம்பிப் படிக்கிற மாணவருக்கு அந்தப் பகுதியிலிருந்து வரும் பாதிச் செய்தி புரியாது.

ஈரானின் ஆட்சிமொழி பாரசீகம். துருக்கியர்களும் அரபியர்கள் இல்லை. குர்துகள் என்ற தனி இனத்தவர் துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என நான்கு நாடுகளில் பரவி வாழ்கிறார்கள். இஸ்லாத்தின் இரு பெரும் பிரிவுகள் சன்னி, ஷியா. ஈரான் ஷியா நாடானதே 1501-இல் சஃபாவி அரச வம்சம் ஆட்சிக்கு வந்த பிறகுதான். இருந்தும் மார்ச் மாதம் வருகிற நவ்ரூஸ் புத்தாண்டை அங்கே இன்றும் விமரிசையாகக் கொண்டாடுகிறார்கள். அது இஸ்லாத்துக்கும் முந்தைய பண்டிகை. மதத்தை மட்டும் நடத்தினால் இதை எப்படி விளக்குவது?

லெபனானை எடுத்துக்கொள்ளுங்கள். 1943 முதல் உள்ள ஏற்பாட்டின்படி குடியரசுத் தலைவர் மாரோனைட் என்ற கத்தோலிக்கப் பிரிவைச் சேர்ந்த கிறிஸ்தவர், பிரதமர் சன்னி முஸ்லிம், நாடாளுமன்ற சபாநாயகர் ஷியா முஸ்லிம். நாடாளுமன்றத்தின் 128 இடங்களில் சரிபாதி கிறிஸ்தவர்களுக்கு. இந்த ஒரு நாட்டுக்கே ஒரு வாரம் ஒதுக்கலாம், அவ்வளவு விஷயம் இருக்கிறது. எகிப்தின் பழமையான காப்டிக் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் ஜனவரி 7 அன்று கிறிஸ்துமஸ் கொண்டாடுவதும் பாடத்தில் வரவேண்டும்.

அப்புறம், இஸ்லாம் நிச்சயம் விரிவாக நடத்தப்பட வேண்டிய பாடம். ஆனால் முஸ்லிம்கள் அதிகம் வாழும் இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்கதேசம் எதுவுமே மத்தியக் கிழக்கில் இல்லை. அதனால் மதத்துக்கு ஒரு பாடம், அந்தப் பகுதிக்குத் தனியாக இன்னொன்று என்று பிரித்து நடத்துவதுதான் சரி.